தண்டையார்பேட்டை வீட்டில் படிக்கட்டுக்கும் லேண்டிங்குக்கும் ஸ்கர்ட்டிங் பொருத்திய வேலை: ஒரு மதிப்பீடு

படிக்கட்டின் ஓரச் சுவரிலும் அது திரும்பும் சமதளமான லேண்டிங்கிலும் ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியைக் காக்கும் பட்டை) பொருத்த அடிக்கணக்கில் விலை கேட்பவர்கள், அந்த அடி எந்தக் கோட்டில் அளக்கப்படுகிறது என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அதைச் சொல்வதற்காகவே இதை எழுதத் தொடங்கினேன். ஆனால் எங்கள் வீட்டில் 2025 பிப்ரவரியில் இந்த வேலையைச் செய்து கொடுத்த தச்சுப் பட்டறையைப் பற்றிச் சொல்லாமல் அதை விளக்க முடியாது. அவர்களுடைய கைத்திறனையும் எனக்கு நேர்ந்த இரண்டு குறைகளையும் சேர்த்தே எழுதுகிறேன். பட்டறை தண்டையார்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. கதவு, நிலை, அலமாரி என்று வேலை வைத்திருப்பவர்கள் ஒருவர் சொல்லி மற்றவர் அங்கே போகிறார்கள். தச்சரும் அவருடைய அண்ணன் மகனும் மட்டுமே வேலை செய்கிறார்கள்.

எங்கள் வீடு என் தாத்தா கட்டியது. செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, சிவப்பு ஆக்சைடு தரை. கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். கூடத்தின் ஓரத்திலிருந்து மாடிக்கு 18 படிகள். ஒன்பதாவது படி ஏறினால் லேண்டிங்; அங்கே திரும்பினால் மீதி ஒன்பதும் எதிர்த்திசையில் ஏறுகின்றன. தரையோடு சேர்த்து இழைத்த நான்கு அங்குலச் சிவப்புப் பட்டைதான் இத்தனை ஆண்டுகளாக ஸ்கர்ட்டிங்காக இருந்து, துடைப்பமும் ஈரத்துணியும் சுவரைத் தொடாமல் காத்துவந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தெருவில் தேங்கிய நீர் கூடத்துக்குள் ஏறி, முதல் படியை மூழ்கடித்து இரண்டு நாள் நின்றது. நீர் வடிந்த பிறகுதான் சேதம் தெரிந்தது. சுவர் உறிஞ்சிய ஈரம் மேலேறி, காயும்போது வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சைப் பொரியவைத்தது. அந்தப் பட்டை கையால் தொட்டாலே பாளம் பாளமாக உதிர்ந்தது.

முதலில் நாங்கள் அவசரப்பட்டோம். 2024 தொடக்கத்தில் ஒரு ஒப்பந்தக்காரர் வந்து, நான்கு அங்குல அகலத்துக்கு வெட்டிய டைல்ஸ் துண்டுகளைப் படிப்படியாகச் சுவரில் ஒட்டினார். எட்டு மாதத்துக்குள் கீழ்ப் படிகளின் துண்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. விழுந்த துண்டுகளைத் திருப்பிப் பார்த்தபோது, டைல்ஸும் பசையும் நன்றாகவே பிடித்திருந்தன. பசையின் மறுபுறத்தில் சுண்ணாம்புப் பூச்சு ஒரு விரல் தடிமனுக்குச் செங்கல்லிலிருந்து கழன்று ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. உப்பால் வலுவிழந்த பூச்சின் மீது எவ்வளவு நல்ல பசையைத் தடவினாலும் சுமை கடைசியில் அந்தப் பூச்சின் மேல்தான் விழுகிறது. இந்த உண்மை எங்களுக்கு ஓர் ஆண்டு காலத்தையும் ஒரு வேலைக்கூலியையும் விலையாகக் கேட்டது. சுவர் நன்றாகக் காய்வதற்கு அந்தக் கோடை முழுவதையும் விட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் முறை என்ன பொருளை வைப்பது என்று நிதானமாக யோசித்தோம். கிரானைட் எனக்குப் பிடித்தமானது. புதிதாகக் கட்டும் வீட்டில் படிக்கும் கிரானைட் போடுகிறவர்கள் ஸ்கர்ட்டிங்குக்கும் அதையே போடுவதுதான் முறை. ஆனால் பழைய சுவரில் கிரானைட்டைப் பதிக்க வேண்டுமானால் பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தத் தொடங்கினால் அது கொத்திய இடத்தோடு நிற்காது. கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஸ்கர்ட்டிங் அழகாக இருந்தாலும் அடியில் ஈரம் பட்டால் ஊதிவிடும். தெர்மாக்கோல் வகையிலான எடை குறைந்த பட்டைகள் படிக்கட்டில் செருப்பு நுனி பட்டாலே குழிவிழுந்துவிடும். தேக்குப் பலகை வைக்கலாம், விலை தடுத்தது. கடைசியில் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த டபிள்யூ.பி.சி. பலகை என்று முடிவாயிற்று. அது நீரை உறிஞ்சுவதில்லை, கரையான் அரிப்பதில்லை, மரத்தைப் போலவே அறுக்கவும் இழைக்கவும் திருகு முடுக்கவும் இடம் கொடுக்கிறது. அதற்கும் ஒரு குணக்கேடு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது விலைக்கு வருகிறேன். மூவரிடம் கேட்டோம். ஒருவர் டைல்ஸுக்கு அடிக்கு 70 ரூபாய் கூலி என்றார், பொருள் எங்களுடையது. இன்னொருவர் ஆயத்தப் பட்டை ஒட்ட அடிக்கு 90 என்றார். தச்சர் சமதளத்தில் அடிக்கு 130, படிக்கட்டின் சரிவில் அடிக்கு 380, பலகையும் திருகும் சேர்த்து, அதற்கு மேல் அளவெடுக்கும் நாளுக்குத் தனியாக 1,500 ரூபாய் என்றார். கேட்டவுடன் தச்சர் சொன்னது கொள்ளை விலையாகத் தோன்றியது. உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகு அப்படித் தோன்றவில்லை. எங்கள் படியின் மிதிக்கும் பகுதி 10 அங்குலம், எழும்பும் பகுதி 7 அங்குலம். டைல்ஸ் போடுபவர் ஒவ்வொரு படியிலும் செங்குத்தாகவும் கிடையாகவும் ஒட்டுவதால் அவருடைய கணக்கில் ஒரு படிக்கு 17 அங்குலம், 18 படிக்கு இருபத்தைந்தரை அடி. தச்சர் அளப்பதோ சரிவுக் கோட்டில். 7க்கும் 10க்கும் எதிரான சாய்பக்கம் 12.2 அங்குலம், 18 படிக்குப் பதினெட்டே கால் அடிதான். அடிக்கு என்ன விலை என்று மட்டும் கேட்டு இருவரையும் ஒப்பிட்டிருந்தால், ஒரே படிக்கட்டு ஒருவர் கணக்கில் மற்றவரைவிட ஏறத்தாழ நாற்பது விழுக்காடு நீளமாக இருப்பதைக் கவனித்திருக்க மாட்டோம். அது மட்டுமன்றி, டைல்ஸ் முறையில் படிக்கு இரண்டு துண்டு, ஆக 36 துண்டுகள், அவற்றுக்கிடையே அத்தனை இணைப்புகள்; ஒவ்வோர் இணைப்பும் அழுக்குச் சேரும் இடம். சரிவுப் பலகையில் அந்த இணைப்புகள் எதுவும் இல்லை.

அளவெடுக்கும் நாளுக்கு எதற்குத் தனிக் கூலி என்று என் தம்பி தச்சரிடம் கேட்டான். "அளக்குற நாள்லதாங்க வேலையே நடக்குது. அறுக்குறது அப்புறம் மெஷினு பாத்துக்கும்," என்றார் அவர். அன்றைக்கு அவர் செய்ததை அருகில் இருந்து பார்த்ததால் சொல்கிறேன், அந்தப் பேச்சில் மிகையேதும் இல்லை. முதலில் மேல் படியின் மூக்கிலிருந்து, அதாவது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பிலிருந்து, கீழ்ப் படியின் மூக்கு வரை நூல் கட்டினார். எல்லா மூக்குகளும் நூலைத் தொட வேண்டும், தொடவில்லை. கூடத்தின் தரையை எப்போதோ மேலே ஒரு பூச்சுப் போட்டு உயர்த்தியிருப்பதால் முதல் படி ஆறேகால் அங்குலம்தான் எழும்புகிறது. ஐந்தாவது ஏழே கால். லேண்டிங்குக்கு ஏறும் படி ஏழரை. அரை நூற்றாண்டுக்கு மேல் ஏறி இறங்கிய எங்களுக்கே இது தெரியாது, கால் பழகிவிட்டது. பலகையை ஒரே அளவாக அறுத்துவந்து வைத்திருந்தால் சில படிகளில் இரண்டு நூல், மூன்று நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இடைவெளி வாய் பிளந்திருக்கும்.

ஆகவே அவர் நான்கு மி.மீ. பிளைவுட்டில் மாதிரிப் பலகைகள் செய்தார். பிளைவுட் துண்டைப் படியின் மேல் சுவரோடு சாய்த்து நிறுத்தி, கவராயத்தின் ஒரு காலைப் படியின் மேலேயே ஓட்டி, மறுகாலில் இருந்த பென்சிலால் படி எப்படி வளைகிறதோ அப்படியே பிளைவுட்டில் கோடு இறக்கினார். படியின் மூக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உருண்டையும், யாரோ எதையோ போட்டு உடைத்து மூளியான ஏழாவது படியின் முனையும் அந்தக் கோட்டில் பதிந்தன. அறுத்து, வைத்துப் பார்த்து, உரசும் இடத்தை அரத்தால் தேய்த்து, மறுபடி வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றின் முதுகிலும் படி எண்ணையும் எந்தப் பக்கம் மேல் என்பதையும் எழுதிவைத்தார். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியது மாலை ஆறு வரை போயிற்று. விலைமதிப்புள்ள பலகையில் அதுவரை ஒரு கீறல்கூட விழவில்லை.

படிகள் சமமாக இல்லாதபோது பலகையின் மேல்விளிம்பு எதைப் பின்பற்ற வேண்டும் என்ற கேள்வி வந்தது. மூக்குகளிலிருந்து எங்கும் சரியாக நான்கு அங்குலம் என்று வைத்தால் மேல்கோடு அலை அலையாகப் போகும். நேர்கோடாக வைத்தால் ஒரு படியில் மூன்றே முக்கால் அங்குலமும் இன்னொன்றில் நாலேகாலுமாகப் பலகை தெரியும். அவர் தயங்கவே இல்லை. "கண்ணு மேல் கோட்டத்தாங்க பாக்கும். கீழ இருக்குற வித்தியாசம் படிக்குள்ளயே அடங்கிடும்," என்று மேல்கோட்டை நேராக வைத்தார். இன்று யார் வந்து பார்த்தாலும் எங்கள் படிகள் சமமற்றவை என்று சொல்ல மாட்டார்கள்.

பலகையின் அகலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் சரிவுக்கு அடிக்கு 380 ரூபாய் ஏன் என்பதற்கான விடை பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. மூக்குக் கோட்டுக்கு மேலே நான்கு அங்குலம் தெரிய வேண்டும் என்றால், அந்தக் கோட்டுக்குக் கீழே இரண்டு மூக்குகளுக்கு நடுவே இருக்கும் முக்கோணத்தையும் பலகை நிரப்ப வேண்டும். அந்த முக்கோணத்தின் ஆழம் 7ஐயும் 10ஐயும் பெருக்கி 12.2ஆல் வகுத்தால் வருகிற அளவு, ஐந்தே முக்கால் அங்குலம். ஆக, கண்ணுக்குத் தெரிவது நான்கு அங்குலமாக இருந்தாலும் வாங்கி அறுக்க வேண்டிய பலகையின் அகலம் ஒன்பதே முக்கால் அங்குலம். மூக்குக் கோட்டுக்குக் கீழே வரும் ஐந்தே முக்கால் அங்குலத்தில் பாதியளவு முக்கோணக் கழிவாக விழுகிறது. அறுத்த பின் கீழே பல் பல்லாக நிற்கும் நுனிகள் மெல்லிய பலகையில் உடைந்துவிடும் என்பதால் 12 மி.மீ. வேண்டாம், 18 மி.மீ. போடலாம் என்றார். சரிவில் 18 போட்டு லேண்டிங்கில் 12 போட்டால் இணையும் இடத்தில் ஒன்று மற்றொன்றைவிடத் துருத்தி நிற்கும். எனவே எங்கும் 18 என்றாகிவிட்டது. செலவு கூடியது உண்மை, காரணம் நியாயமானது.

பலகை வாங்க சைடன்ஹாம்ஸ் சாலைக்கு அவரோடு நானும் போனேன். ஒரே தடிமன், ஒரே வெள்ளை நிறம், விலையில் மட்டும் வித்தியாசம் என்று இரண்டு பலகைகளைக் கடைக்காரர் காட்டினார். தச்சர் இரண்டையும் ஒரு முனையில் தூக்கிப் பார்த்தார். பிறகு இரண்டிலும் ஒவ்வொரு வெட்டுத்துண்டு கேட்டு வாங்கி, விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே திருகை முடுக்கினார். எடை குறைந்த துண்டு பிளந்தது. கனமானதில் திருகு இறுகி நின்றது. டபிள்யூ.பி.சி. வாங்கப் போகிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் வாங்க வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்வேன். எட்டுக்கு நாலு அடிப் பலகைகளை மீன்பாடி வண்டியில் ஏற்றி, பகல் நெரிசலுக்கு முன் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

இந்த வேலையின் உயிர்நிலை சரிவுப் பலகையும் லேண்டிங்கின் கிடைப்பலகையும் சந்திக்கும் இடம். தெருவில் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் மேல்கோடு ஒரு திடீர்ப் படியாகத் தாவியிருக்கும், அல்லது ஒரு சதுரக் கட்டையை நட்டு மறைத்திருப்பார்கள். இரண்டு பலகைகளும் நான்கு அங்குலமாக இருந்தும் ஏன் அப்படி ஆகிறது என்பதை இவர் செய்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் படியின் சரிவு 35 டிகிரி. சாய்ந்து வரும் பலகை கிடையாக மாறும் இடத்தில் இரண்டு முனைகளையும் அதில் பாதியான பதினேழரை டிகிரியில் அறுத்தால்தான் இரண்டின் அகலமும் வெட்டுக்கோட்டில் சமமாகும். இது பல தச்சர்களுக்குத் தெரியும். அந்த வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதில்தான் தவறு நேர்கிறது. கீழிருந்து லேண்டிங்குக்கு ஏறிவரும் சரிவில், வெட்டு லேண்டிங்கின் மூக்கு விளிம்பிலேயே தொடங்கிக் கீழ்ப்படியின் பக்கமாகச் சாய்ந்து மேலே போகிறது. லேண்டிங்கிலிருந்து மேலே ஏறத் தொடங்கும் சரிவில் அப்படி இல்லை. அங்கே மூக்குக் கோட்டைக் கீழ்நோக்கி நீட்டினால் அது லேண்டிங் தரையைத் தொடும் இடம் முதல் படியின் முகத்தில் இல்லை. அதற்கு ஒரு மிதியளவு, அதாவது 10 அங்குலம் முன்னால் இருக்கிறது. வெட்டு அங்கேதான் தொடங்க வேண்டும். முதல் படியின் முகத்திலேயே சரிவைத் தொடங்குகிறவர்களுக்கு ஏழு அங்குல உயரத் தாவல் கிடைக்கிறது. அதை மறைக்கத்தான் கட்டை நடுகிறார்கள். இவர் 10 அங்குலம் முன்னால் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டு, "இங்கருந்து பலகை மேல ஏற ஆரம்பிக்கும், பரவாயில்லையாக்கா?" என்று கேட்டார். படி தொடங்கும் முன்பே பலகை எழும்புவது முதலில் விநோதமாகப்பட்டது. பொருத்திப் பார்த்தபோது கையால் இழுத்த ஒரே கோடு போல லேண்டிங்கைச் சுற்றிவந்தது.

லேண்டிங்கின் இரண்டு உள்மூலைகளில் ஒன்று 92 டிகிரி, மற்றொன்று 88. பழைய வீடுகளில் இது இயல்பு. 45 டிகிரிக்கு இரண்டு முனைகளையும் அறுத்துச் சேர்த்தால் ஒரு மூலையில் முன்பக்கமும் மற்றதில் பின்பக்கமும் பிளந்து நிற்கும். பின்பக்கப் பிளவு தெரியாது, முன்பக்கப் பிளவை மக்கு (பிளவை அடைக்கும் கூழ்) போட்டு நிரப்பினால் ஒரு கோடையில் உதிரும். இவர் மூலையை அப்படி அறுக்கவில்லை. ஒரு பலகையைச் சுவர் வரை நேராக ஓடவிட்டு, அடுத்த பலகையின் முனையை முதல் பலகையின் மேல்விளிம்பு உருண்டைக்கு ஏற்பச் சிறு ரம்பத்தால் குடைந்து, அதன் மேல் கவிழ்ந்து உட்காரும்படி செய்தார். மூலை கூடக் குறைய இருந்தாலும் இந்த முறையில் பிளவு கண்ணில் படுவதில்லை. நேரம் பிடிக்கும் வேலை. ஒரு மூலைக்கு முக்கால் மணி நேரம்.

சுவரோடு பிணைப்பதில் டைல்ஸ் காலத்துத் தவறு திரும்பவில்லை. பொரிந்த பூச்சை முழுவதும் சுரண்டி, உப்பைக் கம்பித் தூரிகையால் துலக்கி, தளர்ந்த இடங்களில் கொத்தனாரைக் கொண்டு சுண்ணாம்புக் கலவையாலேயே பூசி உலர்த்திய பிறகுதான் பலகை ஏறியது. பசை போடவில்லை. துளைகளைச் செங்கல்லின் நடுவில் போட்டார். இரண்டு செங்கல்லுக்கு இடையேயான சுண்ணாம்புச் சாந்தில், திருகைப் பிடிக்கும் பிளாஸ்டிக் குச்சி நிற்காது என்பதால், துரப்பணத்தில் வரும் தூள் சிவப்பா வெள்ளையா என்று பார்த்து, வெள்ளையாக வந்த இரண்டு துளைகளைக் கைவிட்டு இடம் மாற்றினார். திருகுகள் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. கடற்காற்றில் சாதாரணத் திருகு ஒரே மழைக்காலத்தில் துருவேறி, மூடிய மக்கின் வழியாகப் பழுப்புப் பொட்டாக வெளியே தெரியும். எங்கள் ஜன்னல்கள் அதற்குச் சாட்சி. தரைக்கும் பலகைக்கும் இடையே அரை நூல் இடம் விட்டு, அதை மட்டும் நெகிழும் சீலன்ட்டால் அடைத்தார்கள். வீடு துடைக்கும் நீர் பலகைக்குப் பின்னால் இறங்காமலிருக்க அது போதுமாக இருக்கிறது.

இனி குறைகள். முதலாவது தூசி. முதல் நாள் அறுக்கும் மெஷினை லேண்டிங்கிலேயே வைத்தார்கள். டபிள்யூ.பி.சி. அறுபடும்போது மரத்தூள் போலக் கீழே விழுவதில்லை. மாவு போன்ற வெள்ளைத் தூள் காற்றில் மிதந்து, நிலை மின்சாரத்தால் திரை, மெத்தை, சாமி படம் என்று எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. சூடான பிளாஸ்டிக் வாசனையும் சேர்ந்துகொள்ள, மூச்சிரைப்பு உள்ள என் அம்மாவை அன்று மாலை சித்தி வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. நான் வருத்தப்பட்டுச் சொன்ன பிறகு மறுநாள் மெஷினை மொட்டை மாடிக்கு மாற்றினார்கள். அதை நான் சொல்லாமலே செய்திருக்க வேண்டும். அறுப்பவர்கள் இருவரும் முகத்தில் கைக்குட்டைகூடக் கட்டாமல் அந்தத் தூளுக்குள் நின்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. முகக்கவசம் வாங்கிக் கொடுத்தேன், இளையவர் மட்டும் போட்டுக்கொண்டார். நான்கு நாள் என்று சொன்ன வேலை ஏழு நாளாயிற்று. அதில் எனக்குப் பெரிய புகார் இல்லை.

இரண்டாவது குறை மே மாதத்தில் வெளிப்பட்டது. டபிள்யூ.பி.சி.யின் குணக்கேடு என்று மேலே சொன்னது இதுதான். மரம் ஈரத்தால் அகலவாக்கில் ஊதும், சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. பி.வி.சி. கலந்த இந்தப் பலகைக்கு ஈரம் ஒரு பொருட்டில்லை, ஆனால் வெயிலுக்கு நீளவாக்கில் நீண்டு, குளிருக்குச் சுருங்கும். ஒன்பதடிப் பலகையில் 15 டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு இரண்டு மி.மீ. அளவுக்கு வித்தியாசம் வரும். எங்கள் சரிவு ஒன்றின் நீளம் ஒன்பது அடி இரண்டு அங்குலம், பலகையோ எட்டடி. ஒரு ஒட்டு தவிர்க்க முடியாதது. அந்த ஒட்டை அவர் மேலே வைக்காமல் அடியில், முதல் படிக்கு முன்னால் தரையோடு தொடங்கும் பதினான்கு அங்குலத் துண்டாக வைத்தார். நல்ல முடிவு அது. ஆனால் ஒட்டைச் சாய்வாக அறுத்து, உடனடியாக இறுகும் பசையால் ஒட்டி, மேலே மக்கு இழைத்து, பெயின்ட் அடித்துவிட்டார். லேண்டிங் ஜன்னல் வழியாக மதிய வெயில் கீழ்ச் சரிவின் மேல் நேராக விழும். கத்திரி வெயிலின் முதல் வாரத்திலேயே அந்த ஒட்டில் தலைமுடி போலக் கோடு கண்டது. மாதக் கடைசியில் மக்கு பெயர்ந்து, ஒரு நூலுக்குச் சற்றுக் குறைவாகப் பிளந்தது. வெயில் படாத மேல் சரிவில் ஒன்றும் ஆகவில்லை.

தொலைபேசியில் சொன்னேன். மூன்றாம் நாள் வந்தார், பார்த்தார், எந்தச் சமாதானமும் சொல்லாமல், "இதுக்கு அசையுறதுக்கு எடம் குடுத்திருக்கணுங்க, என் தப்பு," என்றார். திருகுகளைக் கழற்றிச் சிறு துண்டை வெளியே எடுத்து, இறுகிய பசையைச் சுரண்டி, ஒட்டின் பின்னால் ஆறு அங்குலப் பின்பட்டை ஒன்றைச் சிறு துண்டில் மட்டும் முடுக்கி, பெரிய பலகை அதன் மேல் வழுக்கிக்கொள்ளும்படி விட்டு, இடைவெளியை மேலே பெயின்ட் ஏறக்கூடிய நெகிழும் சீலன்ட்டால் நிரப்பினார். பெரிய பலகையின் சில திருகுத் துளைகளையும் நீளவாக்கில் கொஞ்சம் பெரிதாக்கினார். கூலி வாங்கவில்லை. பசை போடாமல் திருகால் பொருத்தியிருந்ததால்தான் இந்தத் திருத்தம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

மொத்தச் செலவைச் சொல்லிவிடுகிறேன். சரிவு பதினெட்டே கால் அடிக்கு 6,935 ரூபாய். லேண்டிங் பதினான்கரை அடியும் மாடி நடைவழி 22 அடியுமாகச் சமதளம் முப்பத்தாறரை அடிக்கு 4,745. அளவெடுக்கும் நாள் 1,500. ஆக 13,180 ரூபாய். கொத்தனார் வேலையும் பெயின்ட்டும் தனி. இதில் மாடி நடைவழிக்குக் கொடுத்ததுதான் எனக்கு இப்போது மிகையாகத் தோன்றுகிறது. அங்கே சுவர் காய்ந்தது, நேரானது, மூலை இரண்டே இரண்டு. சாதாரண டைல்ஸ் பட்டையே போதும், அதை நிதானமான எந்த டைல்ஸ் வேலைக்காரரும் செய்துவிடுவார். படிக்கும் லேண்டிங்குக்கும் கொடுத்த பணத்தில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன். அந்த 1,500 ரூபாயை வேண்டாம் என்று பேரம் பேசிய பக்கத்துத் தெரு உறவினர் வீட்டில், வேறு ஒருவர் அளவு நாடாவோடு வந்து அரை மணியில் அளந்துபோய் அறுத்துக் கொண்டுவந்த பலகைகள் மூன்று படிகளில் உட்காரவே இல்லை. இப்போது அந்த இடங்களில் மக்கு மட்டுமே சுவராக நிற்கிறது.

அம்மா படியிறங்கும்போது ஒரு கை கைப்பிடியிலும் மறு கை சுவரிலுமாக வருவார். பூச்சு உதிர்ந்த காலத்தில் சுவரைத் தொட்ட கையில் வெள்ளைத் தூள் ஒட்டும், காலடியில் மணல் நெறுநெறுக்கும்; வழுக்கிவிடுவாரோ என்று கீழே நின்றே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது படிகளில் மணல் விழுவதில்லை, ஈரத்துணியை ஓரம் வரை அழுத்தித் துடைக்க முடிகிறது.

வேலை முடிந்த அன்று மாதிரிப் பலகைகளைத் தச்சர் தூக்கியெறியப் போனார். நான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். படி எண்கள் எழுதிய அந்த பிளைவுட் துண்டுகள் மாடிப்படிக்கு அடியில், பழைய துணியில் சுற்றி, தரையிலிருந்து மூன்றடி உயரப் பரணில் இருக்கின்றன. அடுத்த வெள்ளத்தில் அடித்துண்டு பழுதானால் அதை மட்டும் கழற்றி, முதலாம் எண் மாதிரியை வைத்துப் புதிதாக அறுத்துக்கொள்ளலாம்.